பிச்சி விரியும் நேரம்

தோவாளைச் சந்தைக்கு முதல்முறை வருகிறவர்கள் விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணை மூடி மூச்சை ஒருமுறை ஆழ இழுப்பார்கள். பிச்சி வாசம் ஆளைத் தூக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் மூக்கில் ஏறுவது மரிக்கொழுந்தின் காரமும், துளசியும், நனைந்த சாக்கும், தண்ணீர் தெளித்துப் போட்ட வாழைநாரும், டீக்கடைப் புகையும்தான். குவியல் குவியலாகக் கொட்டிக் கிடக்கிற பிச்சி மொட்டு, நுனியில் இளஞ்சிவப்பு ஓடிய அந்த மெலிந்த மொட்டு, ஒன்றுமே தெரியாததுபோல் படுத்துக் கிடக்கும். அதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை. விடியும் முன்னே கிள்ளிய மொட்டு பகலெல்லாம் பொறுத்திருந்து, வெயில் தாழ்ந்து, விளக்கு வைத்த பிறகுதான் இதழைப் பிரிக்கும். செடியை விட்டுப் பிரிந்து அத்தனை நாழிகை ஆனபிறகும் உள்ளே உயிர் இருப்பதால், புதிதாக மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ரோஜாவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அது செடியில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துவிட்டு அடங்கிவிடும்.

எங்கள் காலத்தில் இந்தக் காத்திருப்பு வீட்டின் அன்றாடமாக இருந்தது. நீங்களும் இந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்றால், செண்பகராமன்புதூரோ ஆரல்வாய்மொழியோ பூதப்பாண்டியோ, சாயங்காலம் என்றதும் உங்களுக்கும் இதே காட்சிதான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசினால் படிப்புரையில் சுளகு நிறைய மொட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரில் ஊறுகிற வாழைநார், அதைச் சுற்றிப் பெண்கள். கண் தெருவில் போகிற ஆளைப் பார்க்கும், வாய் அவருடைய குடும்ப வரலாற்றைச் சொல்லும், விரல் மட்டும் தன்பாட்டுக்கு இரண்டு மொட்டு அந்தப் பக்கம், இரண்டு மொட்டு இந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். கட்டி முடித்த சரத்தைத் தாமரை இலையில் பொதிந்து வைப்பார்கள். அந்த இலையின் குளத்து வாசம் சரத்தில் லேசாக ஏறிக்கொள்ளும்; இப்போது பூவைப் பாலித்தீன் பையில் போட்டுத் தருகிற கடைக்காரரிடம் நான் ஏன் முகத்தைச் சுளிக்கிறேன் என்று கூட நிற்கிற பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

அம்மை தலை சீவி, தேங்காயெண்ணெய் தொட்டு, கொண்டையைச் சுற்றிச் சரத்தை வைக்கும்போது அது பாதி மூடிய மொட்டுத்தான். அந்த நேரத்து வாசம் பச்சையாக, கொஞ்சம் கூர்மையாக, இளங்காய் கடித்ததுபோல் இருக்கும். ராச்சாப்பாடு முடிகிற நேரத்தில், தலையின் சூடும் எண்ணெயும் அடுக்களை வியர்வையும் சேர்ந்து மொட்டை முழுக்கத் திறந்துவிடும். அப்போது வருவதைத்தான் ஊர் உலகம் பிச்சி வாசம் என்கிறது: இனிப்பு, மென்மை, கூடத்துக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கும் பிந்தியது. நடுச்சாமத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தால், இருட்டில் கனத்துத் தொங்கும் ஒரு மணம், கொஞ்சம் எண்ணெய்ப்பிசுக்கோடு, கொஞ்சம் உடம்போடு, நல்லதா கெட்டதா என்று நிச்சயிக்க முடியாததாக நிற்கும். பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன், இண்டோல் என்கிற பொருள் அதில் இருக்கிறது. அதே பொருள் மலத்திலும் இருக்கிறது, அளவு சிறுத்தால் பூவாகிவிடுகிறது. விடிந்தபின் தலையணையில் உதிர்ந்து கிடக்கும் பழுத்த பூவில் வேறொரு வாசம், தேனும் பழைய தேயிலையும் கலந்ததுபோல. அதை யாரும் வாசம் என்று கணக்கில் எடுக்க மாட்டார்கள். பெருக்கி வாரி வாழை மூட்டில் போட்டுவிடுவார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாள். ஆளைப் பயமுறுத்துகிற விலை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரே ஒரு பீச்சு. நான் மூக்கைக் கொண்டுபோனதும் கையை இழுத்துக்கொண்டாள். “பொறுங்கப்பா. இப்ப மோந்து பாக்கப்படாது. அரை மணிக்கூறு ஆகட்டும். தோலிலே விரியணும்.” தோலிலே விரியணும் என்று அவள் சொன்னதும் எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. இந்தத் தலைமுறைக்குக் காத்திருக்கத் தெரியாது என்று டீக்கடை பெஞ்சில் தினமும் தீர்ப்பு எழுதுகிற என் சேக்காளிகளை இழுத்து வந்து அவளுக்கு எதிரே உட்கார வைக்க வேண்டும்போல் இருந்தது.

அவள் சொல்லித் தந்ததையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு நல்ல சென்ட் பாட்டிலில் பல எடையுள்ள பொருள்கள் கலந்திருக்கும். எடை குறைந்தவை தோலின் சூடு பட்டதும் முதலில் பறந்துவிடும். எலுமிச்சை, நாரத்தை இனத்துத் தோல் எண்ணெய்கள் அந்த ரகம், கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அவை போனபின் நடுவில் இருக்கிற பூக்கள் தலைகாட்டும், சில மணி நேரம் இருக்கும். கடைசியாக மிஞ்சுவது சந்தனம், வனிலா, சாம்பிராணி, கஸ்தூரி வகையறா. அவை கனத்தவை, மெல்ல எழும்பும், மறுநாள் சட்டை மடிப்பில்கூட இருக்கும். மணிக்கட்டிலும் கழுத்திலும் வைப்பது, அங்கே ரத்தக்குழாய் மேலோடி ஓடுவதால் சூடு அதிகம் என்பதற்காக. எண்ணெய்ப்பசை உள்ள தோலில் நெடுநேரம் நிற்கும், வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். ஆகையால் ஒரே பாட்டில் இரண்டு பேர் கையில் ஒன்றுபோல் மணக்காது.

அந்த அரை மணி நேரம் கழித்து அவள் கையை நீட்டினாள். கதகதப்பான ஒரு இனிப்பு. வனிலா என்றாள், டோங்கா என்ற தென்னமெரிக்கக் கொட்டை என்றாள். அந்தக் கொட்டையின் மணத்துக்குக் காரணம் கூமரின் என்கிற பொருள், காய்ந்த புல்லில் மணப்பதும் அதுதான். எனக்கோ அது கும்பப்பூ அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் காய்கிற மாசி மாதத்து மத்தியானம். வைக்கோல் படப்பில் ஏறி விழுந்து விளையாடிவிட்டு அரிப்போடு வீட்டுக்கு வந்து அடி வாங்கினவர்களுக்கு அந்தப் பாட்டிலின் பாதி ரகசியம் முன்பே தெரியும். மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் வைக்கோலை முகர்ந்து பார்த்ததே இல்லை என்றாள். இப்போது அறுக்க மெஷின் வருகிறது, வயலிலேயே வைக்கோலைக் கட்டாகச் சுருட்டிவிட்டுப் போகிறது, படப்பு போடும் வீடுகள் அருகிவிட்டன. அவள் முதலில் பாட்டிலில் முகர்ந்து, பிறகு ஒருநாள் வயலில் முகர்ந்து, இது அதுவல்லவா என்று வியக்கப்போகிறாள். வரிசை மாறியதால் வியப்புக் குறைந்துவிடப் போவதில்லை.

இந்தக் கதகதப்பான இனிப்புக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1925-இல் பாரிஸில் ழாக் கெர்லென் வெளிக்கொணர்ந்த ஷாலிமார், மொகலாயர்களின் தோட்டத்துப் பெயரைத் தாங்கி வந்தது. மேலே பெர்கமாட் என்கிற நாரத்தை இனம், நடுவே மல்லிகையும் ரோஜாவும், அடியில் எத்தில் வனிலின் என்கிற செயற்கை வனிலாவும் டோங்காவும் பிசின்களும். 1992-இல் தியரி முக்லரின் ஏஞ்சல் வந்து, பஞ்சுமிட்டாயின் மணத்தையே தோலில் பூசலாம் என்று ஆக்கியது. இன்று கடையில் நூறு பாட்டில் அடுக்கியிருந்தால் பாதிக்குமேல் மிட்டாய்க்கடை வாசம் அடிப்பது அதன் தொடர்ச்சி. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1874-இல், இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் ஊசியிலை மரத்துச் சாற்றிலிருந்து வனிலினைச் செய்துவிட்டார்கள். பிறகு நெடுங்காலம் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலிலிருந்து அதை எடுத்தார்கள். கிராம்பு என்றதும் எனக்கு மாறாமலை ஞாபகம். எங்கள் மேற்குமலைச் சரிவில், மழையும் கடற்காற்றும் சேர்ந்து பழுக்கவைக்கிற கன்னியாகுமரிக் கிராம்புக்கு இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. பாயசத்துக்கும் பல்வலிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த சரக்கு, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வனிலாவாக வேடம் கட்டியிருக்கிறது. மலைக்கு மேற்கே கேரளத்தில் 2000-க்குப் பிறகு வனிலாக் கொடிமீது ஏற்பட்ட ஆசையும், விலை சரிந்தபின் அந்தக் கொடிகள் கவனிப்பாரற்றுப் போனதும் தனிக் கதை.

மணத்தைத் தோலில் வைத்துக்கொள்வது எங்களுக்குப் புதிது என்று சொல்ல முடியாது. சந்தனம் இருந்தது. கல்யாணத்து வாசலில் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனமும், பன்னீர்ச்செம்பும் இல்லாமல் ஒரு பந்தல் உண்டா? ஜவ்வாது இருந்தது, பெரியவர்கள் அதைக் காதுமடலுக்குப் பின்னால் ஒரு தடவு தடவிக்கொள்வார்கள். பிறகு அத்தர். தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவின் ஆண்டுவிழாச் சமயத்தில், ரஜப் மாதத்தில், மரப்பெட்டிக்குள் சுண்டுவிரல் அளவுக் குப்பிகளை வரிசையாகச் செருகிக்கொண்டு வருகிற அத்தர்க்காரர்களைச் சுற்றி நாங்கள் கல்லூரிப் பையன்கள் நிற்போம். வாங்குகிற காசு கிடையாது. அவர்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒரு முதியவர் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, “துணியில வேண்டாம் தம்பி, தோல்ல வையிங்க. வச்சிட்டுத் தேய்க்காதீங்க. அதுபாட்டுக்கு வரட்டும்” என்பார். மிஞ்சியதைப் பஞ்சில் ஒற்றிக் காதில் செருகிவிடுவார். நாகர்கோவில் வரை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நாங்கள் அவரவர் புறங்கையை முகர்ந்தபடி வருவோம். வில்லுக்குறியில் ஒரு மணம், பார்வதிபுரத்தில் இன்னொரு மணம். அத்தர் செய்கிற கன்னோசியில், செம்புப் பாத்திரத்தில் பூவையும் தண்ணீரையும் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள் என்பதும், பூ முன்னால் பேச, சந்தனம் பின்னால் தாங்கி நிற்பதுதான் அதன் கட்டமைப்பு என்பதும் அப்போது தெரியாது. பாரிஸ் பாட்டிலின் மேல், நடு, அடி என்கிற அடுக்கு அந்தக் குப்பியிலும் இருந்தது, விளம்பரம் மட்டும்தான் இல்லை.

அதற்குப் பின்னே வந்தது கல்ஃப் காலம். எண்பதுகளில் ஒரு வீட்டுக்கு ஆள் துபாயிலிருந்து வந்து இறங்கியது, தெருவில் நடந்து போகிறவர்களுக்கு மூக்காலேயே தெரிந்துவிடும். பெட்டி திறந்ததும் எழும்புகிற அந்தக் கலவை, சோப்பு, டைகர் பாம், சிகரெட், புதுத்துணி, ஸ்பிரே எல்லாம் ஒன்றாக, அந்தத் தலைமுறைக்கு உலகத்தின் வாசனையாகவே இருந்தது. ஸ்பிரேக்களை உடம்பில் அடித்ததைவிடச் சட்டையிலும் கைக்குட்டையிலும் அடித்ததுதான் அதிகம். தீர்ந்த பாட்டிலைக்கூட எறிய மாட்டார்கள், துணி அடுக்கிய டிரங்குப்பெட்டிக்குள் மூடியைக் கழற்றிப் போட்டு வைப்பார்கள்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே கணவனை இழந்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தெருவிலேயே அவளைப்போலப் பூக் கட்ட ஆள் கிடையாது. நார் தெரியாது, இடைவெளி தெரியாது, சரத்தைக் கையில் எடுத்தால் மொட்டுகள் தாமாகவே வரிசை கட்டி நிற்பதாகத் தோன்றும். அம்மைக்கு, சித்திக்கு, மயினிமாருக்கு, வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு என்று எல்லோர் தலைக்கும் அவள் கட்டிய பூதான் போகும். அவள் தலைக்கு மட்டும் போகாது. அதை யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் அதைக் கொடுமை என்று சொல்கிற நாக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை. சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ராத்திரி அவள் பக்கத்தில் படுத்தால் அவள் விரல்களில் பிச்சி வாசம் இருக்கும் என்பதுதான். தலையில் வைத்தவர்களுக்குச் சரம் விரிந்து மணத்தது. அவளுக்கு, கிள்ளிய காம்பின் சாறு நகக்கண்ணில் கிடந்து மெல்ல மணத்தது.

கல்ஃபிலிருந்து வந்த பெரியப்பா மகன் ஒருமுறை அவளுக்கென்று ஒரு குப்பி கொண்டுவந்தான். அரபிக் கடையில் வாங்கியது, தங்க நிற மூடி, உள்ளே தேன் நிறத்தில் கெட்டியான எண்ணெய். சபையில் கொடுக்கத் தயங்கி, அடுக்களையில் போய்க் கையில் திணித்துவிட்டு வந்தான். அவள் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்த வருஷம் முழுக்க அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருநாள் சாப்பாடெல்லாம் முடிந்து, நான் படிப்புரையில் விளக்கை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடவே ஒரு இனிப்பு வாசமும் வந்தது.

“மக்களே, இது மூணு தடவை மாறுது, பாத்தியா” என்றாள்.

கையைத் திருப்பி நீட்டினாள். மூலம் தெரியாத பண்டத்தைச் சோதிக்கிற வைத்தியரின் கவனம் அவள் முகத்தில். விளக்கு வைத்ததும் தொட்டாளாம். முதலில் நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளினதுபோல் சுள்ளென்று ஒன்று வந்ததாம், அது நிற்கவில்லையாம். பிறகு பிச்சி வந்ததாம். “நம்ம பிச்சி இல்லை கேட்டியா, செடியிலே பழுக்க விட்டுப் பறிச்சது. மொட்டிலே எடுத்ததுண்ணா இந்தக் கனம் வராது.” இப்போது அதுவும் அடங்கி, சந்தனமும் சீனியும் கலந்த ஒன்று வந்துகொண்டிருக்கிறதாம். “காலம்பற என்னவா இருக்குண்ணு பாக்கணும்.” அம்மை உள்ளேயிருந்து, “மயினி, என்னமோ வாசம் வருதே” என்றாள். அத்தை ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்து, “நாந்தான்” என்றாள். அவ்வளவுதான். அம்மை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை என்னை எழுப்பி, இன்னும் இருக்கிறது என்று மணிக்கட்டைக் காட்டினாள்.

பிரெஞ்சு வாசனைத் திரவியக்காரர்கள் நெடுநாள் பயிற்சி எடுத்துப் படிக்கிற பாடத்தை அவள் ஒரே ராத்திரியில் படிப்புரையில் உட்கார்ந்து பிழையில்லாமல் சொன்னாள் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. மொட்டில் எடுத்ததா மலர்ந்தபின் எடுத்ததா என்பதுகூட அவள் மூக்குக்குப் பிடிபட்டது. சாறு எடுக்கிறவர்கள் மலர்ந்த பூவைத்தான் விரும்புகிறார்கள், மணம் முழுதாக இருப்பது அதில்தான். எங்கள் பிச்சியும், பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் வாசனைக்காக வளர்க்கிற மல்லிகையும் ஒரே இனம். 1921-இல் எர்னஸ்ட் போ செய்த சனெல் நம்பர் 5-இன் நடுவில் இருந்தது அந்தப் பூதான். பழைய நாளில் அங்கே பூவைக் கொழுப்புத் தடவிய கண்ணாடிப் பலகையில் பரப்பி வைப்பார்களாம், பறித்த பின்னும் அது விடுகிற மணத்தையெல்லாம் கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளும்படி. அத்தையின் கொண்டையில் அந்த வேலையைச் செய்ய நல்லெண்ணெய் காத்திருந்தது. பூவுக்குத்தான் அனுமதி இல்லை.

இன்று உலகத்து மல்லிகைச் சாற்றில் பெரும்பகுதி எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போகிறது, இந்தியா என்றால் முக்கியமாகத் தமிழ்நாடு. சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களில் சந்தையில் விலை விழுந்தால் பூ நேரே சென்ட் ஆலைக்குப் போய்விடும். ஒரு கிலோ சாற்றுக்கு ஏறக்குறைய எழுநூறு, எண்ணூறு கிலோ பூ வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; எங்கள் தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல். வெள்ளை அரளி, சிவப்பரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துக் கல் பதித்ததுபோல் கட்டுகிற அந்த மாலை, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குப் போகிற மாலை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கிறது. தோவாளை என்றால் உலகத்துக்கு ஒரு வேலைப்பாடு நினைவுக்கு வருவது சாதாரணமா?

சந்தைதான் ஆள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் செவ்வந்தியும் லாரியில் வந்து இறங்குகின்றன, திண்டுக்கல், மதுரைப் பூவும் வருகிறது, விலை கைபேசியில் ஏறி இறங்குகிறது. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் கேரளத்து வியாபாரிகள் இரவெல்லாம் மொய்ப்பார்கள். அத்தப்பூக் கோலத்துக்கு நிறம்தான் முக்கியம், ஆகவே கேந்தியும் வாடாமல்லியும் மலைபோல் கிடக்கும், பிச்சி ஓரத்தில் ஒதுங்கும். வெளியூருக்குப் போகிற பிச்சி, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் தூங்கிக்கொண்டே போகிறது. நைலான் நூலில் கட்டிய சரமும் வந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பூவாசத்தையெல்லாம் வாரிக்கொண்டு கிழக்கே முப்பந்தல் பக்கம் ஓடும். இப்போது அதே காற்றை அங்கே காற்றாலைகள் மடக்கி மின்சாரமாக்குகின்றன. அந்த மின்சாரத்தில் கல்யாண மண்டபங்களில் ஏசி ஓடுகிறது.

ஏசி என்றதும் நினைவுக்கு வருகிறது, போன ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். என் சித்தி மகள், எனக்குத் தங்கை முறை, கணவரை இழந்து சில வருஷமாகிறது. காலையில் அவள் மருமகள், கேட்காமல் கொள்ளாமல், இரண்டு முழம் பிச்சியை அவள் பின்னலில் வைத்து ஊசி குத்திவிட்டாள். அவள் கையைத் தூக்கி எடுக்கப் போனாள். “இருக்கட்டும் அத்தை, உங்களுக்குப் பிடிக்கும்லா” என்று அந்தப் பெண் சொன்னதும் கை இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடந்துவிடவில்லை. இன்னும் முகூர்த்த நேரத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை முன்னால் அழைத்து உட்கார வைக்காத கல்யாணத்தில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. என் மகள் தன் பங்குக்கு அந்த விலையுயர்ந்த பாட்டிலைத் திறந்து அத்தைக்காரியின் மணிக்கட்டில் ஒரு பீச்சு பீச்சினாள். பூவும் சென்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்று பக்கத்தில் ஒருத்தி எச்சரித்தாள்.

மல்லுக்கட்டவே இல்லை, ஏனென்றால் மண்டபக் குளிரில் இரண்டும் வாயைத் திறக்கவில்லை. தாலி கட்டி, பந்தியில் இருந்து, மொய் எழுதி முடியும் வரை, அத்தனை தலைகளில் அத்தனை பிச்சி இருந்தும், வாசம் என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. பிற்பகலில் காருக்காகக் காத்து எல்லோரும் வெளியே வந்து அந்தப் புழுக்கத்தில் நின்றபோதுதான், ஒவ்வொரு பின்னலாகப் பூ கண் விழித்தது. தங்கையின் பக்கம் திரும்பினால் பிச்சி, அவள் கையைத் தூக்கிக் கார்க்காரரைக் கூப்பிட்டால் சந்தனமும் வனிலாவும். இரண்டும் மேலும் கீழுமாக, ஒன்றையொன்று தள்ளாமல். என் மகள் வந்து ஒரு தடவை அத்தையின் தலையையும் ஒரு தடவை மணிக்கட்டையும் முகர்ந்துவிட்டு, “இது எந்தக் கடைப் பூ?” என்று கேட்டாள்.

“தோவாளைச் சந்தையிலே மருமக வாங்கினது” என்றாள் தங்கை. “முழம் என்ன வெலை சொன்னாண்ணு கேளு. குறைச்சுத் தாடேண்ணு கேட்டா, ‘இண்ணைக்கு முகூர்த்தம்லா’ங்கான். ஒங்க பாட்டிலு எவ்வளவு பிள்ளே?”

மகள் விலையைச் சொன்னாள்.

“அடி பாவி மக்கா” என்று தங்கை நெஞ்சில் கை வைத்தாள். “அதுக்கு நான் ஒரு வருசம் பூ வைப்பனே!”

“வையுங்க அத்தை” என்றாள் மகள். “பாட்டிலையும் வச்சுக்கிடுங்க.”